குட் பை லெனினா, டோனி எர்ட்மானா?

இரண்டும் ஜெர்மன் படங்கள். இரண்டிலும் பாசத்துக்காகவே பொய் சொல்கிறார்கள். வொல்ஃப்காங் பெக்கரின் 'குட் பை, லெனின்!' (2003) படத்தில் மகன் அம்மாவிடம் சொல்கிறான். மாரன் அடேயின் 'டோனி எர்ட்மான்' (2016) படத்தில் அப்பா, பொய்ப்பல்லும் விக்கும் மாட்டிக்கொண்டு, மகள் வேலை பார்க்கும் புக்கரெஸ்டில் போய் நிற்கிறார்.

பெக்கருடையது செட் போட்டுக் கட்டிய பொய். அம்மா கோமாவில் கிடந்த எட்டு மாதத்தில் பெர்லின் சுவர் விழுந்து, அவள் நம்பிய கம்யூனிசக் கிழக்கு ஜெர்மனி சரிந்துவிடுகிறது. கண் விழித்தவளை அந்த அதிர்ச்சி கொன்றுவிடுமே என்று, ஒரே அறைக்குள் கிழக்கு ஜெர்மனியை உயிரோடு வைத்திருக்கிறான் மகன். புது வெள்ளரி ஊறுகாய் பழைய லேபிள் ஒட்டிய பாட்டிலுக்குப் போகிறது. நண்பன் போலி டிவி செய்தி எடுத்துத் தருகிறான். சினிமா எடுப்பதைப் பற்றிய சினிமா என்றே எனக்குத் தோன்றும். கண் கலங்க வேண்டிய இடத்தில் யான் டியர்சனின் இசை கைகொடுக்கும்.

மாரன் அடே அப்படிக் கைகொடுப்பதில்லை. பின்னணி இசை கிடையாது, கேமரா கையிலேயே அலைகிறது, நீளம் 162 நிமிடம். மகளாக நடிக்கும் சாண்ட்ரா ஹுல்லர், விட்னி ஹூஸ்டன் பாட்டை வேண்டாவெறுப்பாகத் தொடங்கித் தொண்டை கிழியப் பாடும்போது சிரிப்பதா, நெளிவதா என்று தெரியாது. என் ஓட்டு இதற்குத்தான்.

வீட்டாரோடு பார்க்க லெனின். டோனியில் ஒரு நிர்வாண விருந்து உண்டு, தனியாகப் பாருங்கள்.