உகந்தை முருகனைக் கும்பிட டிக்கெட் இல்லை

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள உகந்தைமலை முருகன் கோயிலுக்குப் போக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. மீதிக் கதையை வாசிக்க நேரமில்லாதவர்கள் இந்த வரியோடு போய்விடலாம். இல்லாத அந்த டிக்கெட்டுக்கு 34,000 ரூபாய் கொடுத்த குடும்பம் எங்களுடையது.

கனடாவிலிருந்து தங்கை குடும்பம் வந்திருந்தது. மருமக்கள் இருவருக்கும் பாசிக்குடாக் கடற்கரை ஒரே நாளில் சலித்துவிட்டது. "மாமா, பாறையில் அலை மோதும் கடல் இங்கே இல்லையா?" என்று கேட்டார்கள். இருக்கிறது, தெற்கே போக வேண்டும். மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், சங்கமன்கண்டி, கோமாரி, பொத்துவில், பாணமை, கடைசியில் உகந்தை. ஊர் ஊராக இறங்கிக் கரையைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்புவது என்று முடிவு செய்தோம். தெரிந்தவர் ஒருவர் மூலம் வான்காரர் கிடைத்தார். வாடகை 38,000, அதில் முற்பணம் 15,000. நான் ஒவ்வோர் ஊராகச் சொல்லச் சொல்ல, "செய்யலாம் அண்ணன், செய்யலாம்" என்றார். எதையும் எழுதி வாங்கவில்லை.

விடிய ஐந்து மணிக்கு வரவேண்டிய வான் ஏழரைக்கு வந்தது. அதன்பின் எங்கே நிறுத்தச் சொன்னாலும் "நேரம் போய்விட்டது" என்ற பதில்தான். ஒலுவிலில் துறைமுகம் கட்டிய பிறகு கடல் கரையை அரித்துத் தின்றிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்திருந்தேன். அங்கே வான் நிற்கவே இல்லை. திருக்கோவிலில், கடலைப் பார்த்து நிற்கும் சித்திர வேலாயுதர் கோயிலுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. பிறகு தெருவோரம் ஒரு வெறும் மணற்கரையில் நிறுத்தி, "இதுதான் இலங்கையின் கிழக்கு முனை, படம் எடுங்கள்" என்றார். எடுத்தோம். 2004 சுனாமியில் பாழான வெளிச்சவீடு அங்கே இருக்க வேண்டுமே என்றேன். "அது கடலோடு போய்விட்டது" என்றார். கைபேசி வரைபடத்தைத் திறந்தால், உண்மையான கிழக்கு முனையான சங்கமன்கண்டி முனை வேறோர் இடத்தில் இருந்தது. மருமகன் அந்தப் படத்தை அதற்குள் கனடாவுக்கு அனுப்பிவிட்டான்.

மதியம் அறுகம்குடாவை ஒட்டிய உல்லையில் அவர் கூட்டிப்போன கடையில் சோறும் மீனும் சாப்பிட்டோம். விலை அலைச்சறுக்க வந்த வெள்ளைக்காரர்களுக்குப் போட்ட விலை.

பாணமையில் வானை ஓரங்கட்டினார். "இனிக் காட்டுப்பாதை. உகந்தை, குமண தேசிய பூங்காவுக்குள் இருக்கிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு டொலர் விலை. ஆளுக்கு 8,500 தாருங்கள், என் கூட்டாளி முன்னதாகவே எடுத்து வைப்பார்" என்றார். அவருடைய கெட்டித்தனம் இதில்தான். குமண பூங்காவுக்கு டிக்கெட் உண்டு. வெளிநாட்டவருக்கு விலை கூட என்பதும் உண்மை. பூங்காவின் வாசல் உகந்தைப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் கோயில் அந்த வாசலுக்கு இப்பால்.

எனக்கு ஐயம் வந்தது. ஆனாலும் எத்தனையோ வருடம் கழித்து வந்த தங்கைக்கு முன்னால் காசுக்குக் கணக்குப் பார்ப்பவனாகத் தெரிய வெட்கமாக இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் மச்சான் நான்கு பேருக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டார்.

உகந்தையைப் பற்றி மட்டும் குறை சொல்ல எதுவுமில்லை. கடலோரத்திலேயே எழும்பி நிற்கும் கரும்பாறைகள், மேலே வள்ளியம்மன் கோயில், கீழே அலை அடிக்கிற அடியில் காலடியே அதிர்வது போன்ற முழக்கம். முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என்று அம்மா சொன்ன கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் பாறையை விட்டு இறங்க மறுத்தார்கள்.

கோயிலடியில் இருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் டிக்கெட் விலையைச் சொன்னேன். "கும்பிட வருகிறவனுக்கு என்ன டிக்கெட் மனே? பூங்கா வாசல் அங்கே அல்லவா" என்று கையைக் காட்டினார். வந்த வழியில் ஒரு வாசலையும் கடக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வான்காரரிடம் டிக்கெட்டைக் காட்டச் சொன்னேன். முதலில் கூட்டாளியிடம் இருக்கிறது என்றார்; பிறகு அது பாதைச் செலவு என்றார்; கடைசியில், "யானை வரும் நேரம், ஏறுங்கள்" என்றார். யானை விஷயம் பொய்யில்லை. பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையில் யானை நிற்கும். சாவி அவர் கையில், பிள்ளைகள் எங்கள் கையில். ஏறினோம்.

மூன்று நாள் விடாமல் அழைத்ததில் 10,000 திரும்பி வந்தது. அதன்பின் அழைப்பை எடுக்கவில்லை. போகிறவர்கள் நிற்கும் இடங்களையும் மொத்தத் தொகையையும் எழுதி, வான்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பூங்காவுக்குள் போவதானால் வனசீவராசிகள் அலுவலகத்தில் நீங்களே பணம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் பொத்துவில் போய், அங்கே ஓர் ஆட்டோவைப் பேசிக்கொண்டாலும் உகந்தையைப் பார்த்துவிடலாம்.

நேற்று அதே எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "உகந்தை ஆடித் திருவிழாவுக்கு வான் உண்டு. ஆட்களைச் சேர்த்துத் தந்தால் உங்களுக்கும் ஒரு பங்கு." அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.