ஓட்டப் பந்தய எண் விற்கிறேன் என்று வருகிறவர்களை நம்பாதீர்கள்: 3,200 ராண்ட் போயே போச்சு

தென்னாப்பிரிக்காவில் டர்பன், ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் இருக்கும் தமிழ் ஆட்கள், முக்கியமாக ஓட ஆரம்பித்திருக்கும் பெண்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். கேப் டவுனிலிருந்து வந்து பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வயிறு எரிகிறது.

ஏப்ரல் வாக்கில் கேப் டவுனில் நடக்கும் டூ ஓஷன்ஸ் ஓட்டப் பந்தயத்தில் 56 கிலோமீட்டர் பந்தயத்தோடு 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானும் உண்டு. என் முதல் அரை மாரத்தான் அதுதான் என்று மனதில் முடிவு செய்திருந்தேன். டர்பனில் இருந்துகொண்டு ஓட்டத்தின் மேல் ஆசை வராமல் இருக்க முடியாது. இங்கே அலுவலகத்தில் தேநீர் குடிக்கும்போதுகூட காம்ரேட்ஸ் பந்தயத்தைப் பற்றிய பேச்சுதான், பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் நடுவில் 90 கிலோமீட்டர் ஓடிய கதைதான். சனிக்கிழமை காலையில் எல்லோரும் கூடி ஓடும் பார்க்ரன்னில் 5 கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தேன். பிறகு உஷாகாவிலிருந்து புளூ லகூன் வரைக்கும் கடற்கரையோரம் விடியும் முன்பே ஓடினேன். அந்தப் புழுக்கத்தில் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மூன்று மணி நேரக் கெடுவுக்குள் முடித்துவிடலாம் என்ற தைரியம் வந்தபோது பதிவு மூடிவிட்டது. இடமில்லை.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய சோபாவிலிருந்து கார் வரைக்கும் எல்லாவற்றையும் வாங்கி விற்கும் ஒரு இணையத்தளம். "அரை மாரத்தான் எண், தங்கும் அறையில் பங்கு, இரண்டு இரவு, 3,200 ராண்ட், பெண்களுக்கு மட்டும்." எண் என்றால், பதிவு செய்தவர்கள் சட்டையில் குத்திக்கொண்டு ஓடும் பந்தய எண் அட்டை. செய்தி அனுப்பினேன். என் பெயரைப் பார்த்ததும் தமிழில் குரல் பதிவு வந்தது.

"அக்கா, நீங்க தமிழா! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் மாசமா இருக்கேன்க்கா. டாக்டர் ஓடவே கூடாதுன்னுட்டாங்க. யாரோ ஒருத்தருக்குக் கொடுக்கறதுக்கு நம்ம அக்காவே ஓடட்டும்."

திருச்சிப் பக்கம் என்றாள். ஜோபர்க்கில் வேலை, தலைச்சன் பிள்ளை என்றாள். நான் மசக்கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். மாதுளம்பழம் சாப்பிடு, தனியாக வண்டி ஓட்டாதே என்றெல்லாம் அக்கறையாகச் சொன்னேன். அவளும் "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுக்கொண்டாள். அரை மணி நேரத்தில் என் பெயர் போட்ட பதிவு உறுதிக் கடிதத்தையும் அறை ரசீதையும் படம் எடுத்து அனுப்பினாள். உடனே வங்கிக் கணக்கு மூலம் 3,200 ராண்ட் அனுப்பினேன். "பணம் வந்துருச்சுக்கா, முடிச்சிட்டு மெடலோட ஒரு போட்டோ அனுப்புங்க" என்றாள். வயிற்றில் பிள்ளை என்று சொல்லி ஏமாற்ற ஒருத்திக்கு எப்படி நாக்கு வந்தது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேப் டவுனில் எண் கொடுக்கும் அரங்கில் வரிசையில் நின்று அடையாள அட்டையை நீட்டினேன். கணினியில் தேடினார்கள். என் பெயர் இல்லை. கடிதத்திலிருந்த பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள், அப்படி ஒரு எண்ணே இல்லை. அந்தத் தன்னார்வலப் பெண் பாவம், அவருக்கே கண் கலங்கிவிட்டது. அறை ரசீதில் இருந்த விடுதிக்குப் போன் செய்தால் அவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. அவளை அழைத்தேன். "சிஸ்டம் லேட்டா அப்டேட் ஆகும்க்கா, காலையில போய்ப் பாருங்க" என்றாள். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான்.

அதன் பிறகு பட்ட அலைச்சல் இருக்கிறதே! அந்தத் தளத்துக்கு எழுதினால், "நாங்கள் விளம்பரம் போட இடம் மட்டுமே தருகிறோம்" என்று இரண்டு வரியில் பதில். விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். வங்கியில், "நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது" என்றார்கள். மோசடிப் பிரிவுக்கு மாற்றுகிறேன் என்று இசையைப் போட்டுவிட்டு அழைப்பைத் துண்டித்தார்கள். காவல் நிலையத்தில் இருந்தவர் முதலில் இது உங்கள் இருவர் தகராறு என்று அனுப்பப் பார்த்தார். நகராமல் நின்ற பிறகுதான் வழக்கு எண் கொடுத்தார். எல்லாவற்றையும் விட வலித்தது நம் தமிழ்க் குழு ஒன்றில் நான் போட்ட எச்சரிக்கையை "குழுவின் நல்ல சூழல் கெடும்" என்று அழித்தது. 3,200 ராண்ட் என் பணம். ராத்திரி வேலை பார்த்துச் சேர்த்த பணம். விமான டிக்கெட்டை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. பந்தய எண்ணைத் தனியாளிடம் வாங்கவே வாங்காதீர்கள். பெயர் மாற்றம் உண்டென்றால் அதைப் பந்தயம் நடத்துகிறவர்களே தங்கள் பக்கத்தில் செய்வார்கள். பணம் அனுப்பும் முன் அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். அடுத்தவர் எண்ணில் ஓடினால் தகுதி நீக்கம் செய்வார்கள். அதைவிட, எண்ணின் பின்பக்கம் உடல்நல விவரமும் அவசரத் தொடர்பும் இருக்கும். வழியில் மயங்கி விழுந்தால் வேறொருத்தியின் வீட்டுக்குத்தான் போன் போகும். வங்கி வழியாகப் போன பணம் போனதுதான். தமிழில் பேசினாள் என்பதற்காக எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மெல்லிய குரல், வார்த்தைக்கு வார்த்தை "அக்கா", கர்ப்பம் என்று கதை. இதே ஆளுக்கு வேறு யாராவது பணம் அனுப்பியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். வழக்கு எண் தருகிறேன், உங்கள் புகாரையும் அதில் சேர்க்கலாம். குரல் பதிவுகள் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.