கம்மாலைக் கத்தியா, சில்வர் கத்தியா?

போன மாதம் அப்பாவின் கவ்வாத்துக் கத்திக்கு, அதாவது தேயிலைக் கிளை வெட்டிவிடுகிற கத்திக்கு, புதுப் பிடி போட்டேன். அன்று மாலையே, வாங்கிச் சில வருடமே ஆன ஒரு சில்வர் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கத்தியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இரும்புக் கணக்குல வராதே அண்ணே" என்று சிரித்தார். அப்பாவின் கத்திக்கு என் வயதைவிட வயது அதிகம்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) தம்பி, "அப்ப நான் எதை வாங்க?" என்று கேட்டான். புதிதாகக் கல்யாணமானவன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் போஞ்சி, லீக்ஸ், கோவா போட்டிருக்கிறான். அடுப்பு பாதி கேஸ், பாதி விறகு. மலையகத்தில் கொட்டகலை, ஹட்டன் பக்கம் பல வீடுகளின் நிலைமை இதுதான் என்பதால் அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். எங்கள் பக்கம் வெறும் 'கத்தி' என்றால் சொல்கிற ஆளைப் பார்க்க வேண்டும். அம்மா சொன்னால் மரக்கறி வெட்டுவது. அப்பா சொன்னால் கவ்வாத்துக் கத்தி. பத்திரிகையில் அடிதடிச் செய்திக்குள் வந்தால் பெரும்பாலும் மன்னா கத்தி. மாட்டுக்குப் புல் அறுக்கிற அருவாவை யாரும் கத்திக் கணக்கில் சேர்ப்பதில்லை. சவரக்கத்தி, பேனாக்கத்தி எல்லாம் இந்தப் பேச்சுக்குள் வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் சிரமதானம் வைத்த அன்று "ஆராவது ஒரு கொடுவாக்கத்தி கொண்டு வாங்கோ" என்றார். நாங்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவர் மன்னாவைத் தூக்கிக் காட்டியதும், "ஓம், இதைத்தான் சொன்னனான்" என்றார். அவர்கள் வீட்டில் பனையோலை வாருவதற்கென்றே சத்தகம் என்று ஒரு சின்னக் கத்தி உண்டாம். பனையே இல்லாத ஊரில் அதை வைத்து என்ன செய்வது! சிங்களக் கடைக்காரரிடம் 'பிஹிய' என்றால் சமையல் கத்தியை எடுப்பார். 'கெத்த' என்றால் பற்றை வெட்டுகிற வளைந்த கத்தி வரும். இரண்டு பெயரும் சேர்ந்த 'பிஹா கெத்த', கண்டி அரசர் காலத்து வேலைப்பாட்டுக் கத்தி. வெள்ளியும் பித்தளையும் இழைத்து, மியூசியத்துக் கண்ணாடிக்குள் இருக்கும். நம் வேலைக்கு ஆகாது.

சரி, நம் வேலைக்கு ஆகிறவை மூன்று: கவ்வாத்துக் கத்தி, மன்னா, சில்வர் கத்தி. முதல் இரண்டும் கம்மாலையில், அதாவது கொல்லன் பட்டறையில், அடித்த இரும்பு. மூன்றாவது ஹாட்வெயாரில் அட்டையோடு தொங்குவது. உண்மையான போட்டி கம்மாலைக்கும் அந்த அட்டைக்கும்தான்.

கவ்வாத்துக் கத்தியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கவாத்து என்றால் பொலிஸ்காரர்களின் அணிநடையும் அதுதான். எங்களுக்குத் தேயிலை மட்டும்தான். சிங்களத்திலும் 'கப்பாது' என்கிறார்கள். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு தேயிலை மலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள். கிளையை ஒரே வீச்சில், சாய்வாக, பிளவில்லாமல் வெட்ட வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் கிளையின் நுனி நார் நாராகக் கிழியும். அதில் மழைத் தண்ணீர் நிற்கும், பூஞ்சணம் பிடிக்கும், மரம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். அதனால் கவ்வாத்துக்காரனுக்குக் கத்தியின் கூர்தான் எல்லாம்.

அப்பா வேலைவிட்டு வந்து முகம் கழுவுவதற்கு முன்னால் தண்ணீர்ப் பீலிக்கரையில் குந்திக் கத்தி தீட்டுவார். துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில், தண்ணீர் சொட்டச் சொட்ட. "துணி கிழியிது, வேற கல்லப் பாருங்க மாமா" என்று பெண்கள் சத்தம் போடுவார்கள். அந்தக் கல்லின் ஒரு பக்கம் இன்றைக்கும் பள்ளமாக இருக்கிறது. தீட்டி முடித்ததும் கத்தி வாயைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் கொஞ்சம். நகத்தைக் கவ்விப் பிடித்தால் போதும்.

மன்னா முரட்டுப் பிள்ளை. பற்றை வெட்ட, விறகு பிளக்க, பலாக்காயை இரண்டாக்க, தேங்காய் உடைக்க. அகலம், பாரம், தடித்த முதுகு. நுணுக்கமான வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

சில்வர் கத்தியின் நல்ல பக்கங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: துருப்பிடிக்காது, பார்க்க அழகு, பாரமில்லை. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தால்தான் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரே வரும், துருவைத் தடுப்பது அந்தக் குரோமியம். நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். நுவரெலியா மாவட்டத்து ஈரத்தில் வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

2022இல் கேஸ் இல்லாமல் போனதே, அப்போதுதான் புத்தி வந்தது. எல்லார் வீட்டிலும் மறுபடியும் மிலாறு விறகு. கவ்வாத்து மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தேயிலைக் குச்சியைச் சில்வர் கத்தியால் தறித்தேன். ஒரு வாரத்தில் வாயில் இரண்டு இடத்தில் பல் விழுந்தது, பிளாஸ்டிக் பிடி ஆட ஆரம்பித்தது. அதற்கு அது செய்யப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், தப்பு என்னுடையது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம்.

டவுனில் கிரைண்டர் போட்டுக் கத்தி தீட்டுகிற ஒருவரிடம் சில்வரையும் மன்னாவையும் சேர்த்தே கொடுத்தேன். பொறி பறக்க இழுத்துக் கொடுத்தார். மினுங்கியது. மன்னாவின் வாய் ஓரத்தில் மட்டும் மயில் கழுத்து நிறத்தில் ஒரு கோடு. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். நாலு நாளில் இரண்டுமே மழுங்கிவிட்டன. மன்னாவைக் கம்மாலைக்குக் கொண்டுபோனேன். ஆசாரி பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "நீலம் பாய்ஞ்சிருக்கு தம்பி. பதம் போச்சு."

அவர் சொன்னதை என் கணக்கில் சொல்கிறேன். மன்னா அடிப்பது லொறி ஸ்பிரிங் தகட்டில், அதில் கரி சுமார் 0.6 சதவீதம். அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் கண்ணாடி போல இறுகும், ஆனால் அடித்தால் உடையும். அதனால் திரும்ப லேசாகச் சூடு காட்டி வைக்கோல் நிறத்தில் நிறுத்துவார்கள். அது சுமார் 220 பாகை செல்சியஸ். 300 பாகையைத் தொட்டால் நீலம் வந்துவிடும், இறுக்கம் குறைந்துவிடும். தண்ணீர் காட்டாமல் கிரைண்டரில் இழுத்தால் மெல்லிய வாய் ஒரு கணத்தில் அந்தச் சூட்டுக்குப் போய்விடும்.

பிறகு அவர் அந்த மன்னாவை உலையில் வைத்து, தட்டி, மறுபடி பதம் கொடுத்தார். நான் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் முக்கால் வேலை முடிந்துவிட்டது. சில்வரை நீட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. "இதுக்கு ஆயிரம் பாகைக்கு மேல வேணும், கணக்காவும் நிப்பாட்டணும். நம்ம உலையில ஆகாது."

கம்மாலைக் கத்தி கெட்டால் திரும்பிப் போக ஒரு இடம் இருக்கிறது. பல் விழுந்தால் தட்டலாம், வாய் தேய்ந்தால் நீட்டலாம், பிடி போனால் மாற்றலாம். பிடி மாற்றியதும் நானேதான். கொய்யாக் கட்டையைச் செதுக்கித் துளையிட்டு, கத்தியின் வாலை அடுப்பில் காய்ச்சி, அரக்கை உருக்கி ஊற்றி இறக்கினேன். பழைய பித்தளைப் பூணையே திரும்பவும் போட்டேன். சில்வரின் பிளாஸ்டிக் பிடி ஆடினால் இன்சுலேஷன் டேப் சுற்றலாம், அவ்வளவுதான்.

தினசரித் தீட்டலும் அப்படியே. கம்மாலை இரும்பு கல்லுக்கு உடனே பணியும், பத்துப் பதினைந்து இழுப்பு போதும். நான் வைத்திருந்த சில்வரில் தேய்க்கத் தேய்க்க விளிம்பில் ஒரு மெல்லிய பிசிறு மடிந்து நிற்கும். விரலுக்குக் கூர் போலத் தெரியும், இரண்டு வெங்காயத்தில் போய்விடும். விலை கூடிய சில்வர் கத்திகள் வேறு மாதிரி இருக்கலாம். நான் பிடித்தது நம் கடை விலைச் சாமான் மட்டும்தான்.

துரு? பிடிக்கும். மறைக்கவில்லை. கார்த்திகை மார்கழி மூட்டத்தில் ராத்திரி ஈரத்தோடு வைத்தால் காலையில் செம்மண் பூசினது போல இருக்கும். துடைத்து, அடுப்பு மேல் பரணில் செருகி, வாரம் ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். கறுப்பை மட்டும் துரு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். தேயிலை வெட்டிய கத்தி கருநீலமாகிறதே, அது தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறை. தேத்தண்ணிக்குள் ஆணியைப் போட்டாலும் அந்த நிறம்தான் வரும்.

குசினிக்குள் மட்டும் நான் தோற்றுவிட்டேன். வாழைக்காயை இரும்புக் கத்தியால் வெட்டினால் கறுத்துப்போகும், எலுமிச்சையில் இரும்பு வாடை ஏறும். மனைவி ஒரு சின்னச் சில்வர் கத்தி வைத்திருக்கிறார், மழுங்கினால் பீங்கான் கோப்பையின் அடி விளிம்பில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்கிறார். அதில் நான் தலையிடுவதில்லை.

இப்போது கவ்வாத்துக்கு மெஷினும் வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவருடையதை அரை நாள் தூக்கிப் பார்த்தேன். வேகம் நிச்சயம், முதுகு வலியும் நிச்சயம். அரை நாள் பழக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தம்பிக்கு நான் சொன்னது: கம்மாலையில் நடுத்தர மன்னா ஒன்று, வீட்டுக்குள் சின்னச் சில்வர் ஒன்று, அத்தோடு ஒரு நல்ல கல். முதல் இரண்டையும் வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டுகிறான், கையில் மன்னா. "அண்ணே, கல்லக் கொஞ்சம் தாங்களேன்."