கைக்குழந்தைக்கு லெவோதைராக்சின்: மாத்திரையா, திரவமா?

பிறவித் தைராய்டு குறைபாட்டுக்கு, தைராய்டு ஹார்மோனின் செயற்கை வடிவமான லெவோதைராக்சினை மிஞ்சிய மருந்து கிடையாது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கி, சரியான அளவில் விடாமல் கொடுத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். தொல்லையெல்லாம் அது வரும் வடிவத்தில்தான்.

மாத்திரையில் 25 மைக்ரோகிராம்தான் வசதி. தொடக்க அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம், 3.5 கிலோ குழந்தைக்கு 37.5 என்று எழுதினால் ஒன்றரை மாத்திரை. அந்த அரைதான் படுத்தும். கத்தி வைத்தால் ஒரு பக்கம் பெரிதாகும், மறுபக்கம் உதிரும். நடுவில் கோடு போட்ட மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.

நுணுக்க இரண்டு ஸ்பூன் போதும். மாவான பிறகு ஒன்றிரண்டு மில்லி தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டுக் குழைத்து, கன்னத்தின் உட்புறமாக ஊட்ட வேண்டும். இது தண்ணீரில் கரையாத தூள், அடியில் படியும். ஆகவே ஸ்பூனில் இன்னும் சில சொட்டு விட்டு, ஒட்டியிருப்பதையும் வழித்துக் கொடுங்கள். பால்புட்டியில் மட்டும் கலக்காதீர்கள். பாதிப் பாலில் குழந்தை தூங்கிவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. இரவே கலந்து வைப்பதும் கூடாது.

தொழிற்சாலையில் தயாரான திரவத்தில் இந்தப் பாடு இல்லை. சிரிஞ்சில் அளந்தால் 37.5 என்பது 37.5தான். ஆனால் மாத்திரையிலிருந்து இதற்கு மாறும்போது அதே எண்ணிக்கையில் மருந்து சற்று மிகையாகிவிடலாம். மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனையோடு மாறுங்கள். மருந்துக் கடையில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கித் தரும் கரைசலை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வீரியம் சீக்கிரம் குறையும், ஒவ்வொரு வேளையும் அளவு வேறுபடும்.

எந்த வடிவமானாலும் இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சோயா பால்மாவும் உறிஞ்சலைக் கெடுக்கும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து போதாதபோது ரத்தத்தில் உயரும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) காரணமே தெரியாமல் ஏறினால் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான், அடுத்தது டப்பா வைத்திருக்கும் இடம். சமையலறை வெப்பமும் ஈரமும் மாத்திரைக்கு ஆகாது.

பரிசோதனை நாளில் ரத்தம் எடுத்த பிறகு மருந்து கொடுங்கள். கொடுத்த கையோடு எடுத்தால் டி4 (ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோன்) உயர்வாகக் காட்டும், அதைப் பார்த்து அளவைக் குறைத்துவிடுவார்கள்.