அத்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது? திருச்சிப் பரிசோதனை அனுபவம்

விடுமுறைக்கு ஊர் வரும் நாங்கள் பல்லையும் கண்ணையும் மருத்துவர்களிடம் காட்டிக்கொண்டு லண்டன் திரும்புவது வழக்கம். இம்முறை திருச்சியில் நான் அதிகம் அலைந்தது ஸ்ரீரங்கத்து அத்தையின் வயிற்றுக்காக.

அத்தை பாதியாக இளைத்திருந்தார். வயிற்று உப்புசத்துக்கு ஓர் உணவு ஆலோசனை நிலையத்துக்குப் போனவரிடம் ரத்தம் எடுத்து, இருநூற்றுச் சொச்சம் உணவுகளுக்கு வண்ண அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, தயிர் எல்லாம் சிவப்பு. அவற்றுக்குப் பதிலாக ஓட்ஸ், கினோவா, பாதாம் பால். மாதக்கணக்கில் தயிர் சாதம் தொடாமல் இருந்திருக்கிறார்.

அந்த அட்டவணையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. லண்டனில் நியூட்ரிஷனல் தெரபிஸ்ட் என்று பலகை மாட்டியவர்கள் பலர் இதே சோதனையைத்தான் விற்கிறார்கள். பிரிட்டனில் டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்ளச் சட்டப்படி பதிவு வேண்டும். தெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்ள அது தேவையில்லை. சோதனை அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு அது ரத்தத்தில் இருப்பது இயல்பு. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஜியின் ஒரு வகையான ஐஜிஜி4 சோதனை வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008இலேயே சொல்லிவிட்டது. தினமும் இட்லியும் தயிரும் சாப்பிட்ட மனுஷிக்கு அவை சிவப்பில் வராமல் வேறெது வரும்? இளைத்துக்கொண்டிருப்பவரிடம் சோற்றை நிறுத்தச் சொல்லிப் பணமும் வாங்கியிருக்கிறார்களே என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தில்லைநகரில் ஒரு குடல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அட்டவணையை மடித்து ஓரமாக வைத்தார். “அம்மா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” அத்தை மஞ்சள் பையைக் கவிழ்த்தார். சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின், காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல். “பாதம் மரத்துப்போகிறதா? காபி ஒரு நாளைக்கு எத்தனை தடவை?” அந்த நிலையத்தில் யாரும் கேட்காத கேள்விகள் இவை. பிறகு எழுதியது சில சோதனைகள்தான்: ரத்த எண்ணிக்கை, பி12, தைராய்டு, கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய்க்கான டிடிஜி ரத்தச் சோதனை, பால் சர்க்கரைக்கான மூச்சுச் சோதனை. வயதையும் எடைக் குறைவையும் பார்த்து, பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் சேர்த்தார்.

லேப் ஆள் விடியும் முன்பே பைக்கில் வந்து இறங்கினார். கையுறை மாட்டி, பெயரையும் வயதையும் அத்தையையே சொல்லச் சொல்லிச் சரிபார்த்து, ஊதா மூடிக் குழாயிலும் மஞ்சள் மூடிக் குழாயிலும் ரத்தம் எடுத்து அங்கேயே ஸ்டிக்கர் ஒட்டினார். சாயங்காலம் முதல் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. இந்த வேகத்துக்கு லண்டனில் வாய்ப்பே இல்லை. ஆனால் மறுநாளே அந்த லேப்பிலிருந்து ‘முழு உடல் பேக்கேஜ்’ எடுக்கச் சொல்லித் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. சீட்டில் இருப்பது மட்டும் போதும் என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகே நின்றன.

மூச்சுச் சோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருந்தது. முந்தைய நாள் வெள்ளைச் சாதம். பருப்பும் காய்கறியும் கூடாது. காலையில் 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை குழாயில் ஊத வேண்டும். சிறுகுடலில் செரிக்காத பால் சர்க்கரையைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகி மூச்சில் வெளிவருகிறது. அது பத்து லட்சத்தில் 20 பங்காவது கூடினால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள். அத்தைக்கு அதைத் தாண்டியே போனது. உப்புசத்துக்குக் காரணம் தம்ளர் தம்ளராகக் குடித்த பால் காபி. தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸைச் செரிக்கத் துணை செய்வதால் தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னபோது அத்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பி12ம் மிகக் குறைவு. சைவ உணவு, நீண்ட கால மெட்ஃபார்மின், அமில மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் அது குறைய வாய்ப்பு அதிகம். ஊசி தொடங்கியாயிற்று. கொலோனோஸ்கோபியில் பயப்பட ஒன்றுமில்லை.

ஊருக்கு வந்து குடல் சோதனை செய்ய நினைப்பவர்கள் விமானம் ஏறும் முன்பே தயாராக வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்தியிருந்தால் டிடிஜி முடிவு பொய்யாக வரலாம். ஆறு வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெச்.பைலோரி பாக்டீரியாவுக்கான மலச் சோதனை என்றால் பான்டோப்ரசோல் போன்றவற்றை, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ரிப்போர்ட்டில், லேப்களின் தரத்துக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்து உங்கள் மருத்துவரிடம் காட்டும்போது அலகையும் கவனியுங்கள்: இந்திய லேப்களில் வைட்டமின் டி நானோகிராம் கணக்கில் வரும், பிரிட்டனில் நானோமோல். இந்திய ரிப்போர்ட்டில் 20 என்றிருப்பது பிரிட்டனில் 50.