பர்ரா ஊரின் தாக்கோல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் நாங்கள் சாவியைத் தாக்கோல் என்றுதான் சொல்லுவோம். ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தாக்கோலின் அருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். யாரிடம் கொடுத்தேன், எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது என்று நோட்டில் எழுதாமல் ஒரு நாளும் அதைக் கைமாற்றியதில்லை. அப்படிப்பட்ட என்னிடம், ஆஸ்திரேலியாவின் ஒரு சிற்றூரில், அவ்வூரின் பழைய சிறைச்சாலையையும் மதுபான ஆலையின் நிலவறையையும் வெடிமருந்துக் கிடங்கையும் திறக்கக்கூடிய ஒரே தாக்கோலைக் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னபோது, கூடவே ஓர் ஊழியர் வருவார் என்று நினைத்து நான் சற்று நேரம் வாசலிலேயே நின்றேன். யாரும் வரவில்லை. மகன்தான், "அப்பா, வண்டியில ஏறுங்க, நாமளே திறந்து பாக்கணும்" என்றான்.

ஊரின் பெயர் பர்ரா. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகரான அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இன்று அங்கு வாழ்வோர் ஆயிரம் பேர் அளவில்தான் இருப்பார்கள். பெரியது என்று பொருள்படும் ‘படா’ என்ற இந்துஸ்தானிச் சொல்லை அப்பகுதியில் ஆடு மேய்த்த இந்தியத் தொழிலாளர்கள் வழங்கியதால் ஓடைக்கும் ஊருக்கும் இப்பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. வேறு விளக்கங்களும் இருப்பதால் நாம் அதிகமாக உரிமை கொண்டாட வேண்டியதில்லை. நான் இங்கே மதிப்பிடுவது ‘பர்ரா ஹெரிட்டேஜ் பாஸ்போர்ட்’ என்ற சேவையை. தகவல் நிலையத்தில் கட்டணம் செலுத்தினால் ஒரு தாக்கோலும் வழிகாட்டி நூலும் தருகிறார்கள். ஊரைச் சுற்றி ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளும் பாதையில், நம் வசதிக்கேற்ப நின்று, பூட்டியிருக்கும் இடங்களை நாமே திறந்து பார்த்து, நாமே பூட்டிவிட்டு வர வேண்டும்.

வழிகாட்டி நூலைப் பிரிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை இருக்கிறது. அந்த நிலம் நெடுங்காலமாக நாஜுரி என்ற தொல்குடி மக்களுடையது. 1845-இல் இங்கே செம்புத் தாது இருப்பதை ஆடு மேய்ப்பவர்கள் கண்டார்கள். காலனி அரசு 20,000 ஏக்கரை ஒரே துண்டாகத்தான் விற்கும், ஏக்கருக்கு ஒரு பவுண்டு வீதம் மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அடிலெய்டின் செல்வந்தர்கள் ஓர் அணியாகவும், கடைக்காரர்களும் சிறு வணிகர்களும் மற்றோர் அணியாகவும் நின்றார்கள். முதல் அணிக்கு ‘நாப்ஸ்’ என்றும் இரண்டாவது அணிக்கு ‘ஸ்னாப்ஸ்’ என்றும் ஊரார் கேலிப்பெயர் வைத்தார்கள். தனித்தனியே யாராலும் அந்தத் தொகையைப் புரட்ட முடியாததால், ஒருவரையொருவர் பிடிக்காத இரு தரப்பும் சேர்ந்து நிலத்தை வாங்கி, நடுவில் ஒரு கோடு கிழித்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டன. வடபாதி கடைக்காரர்களுக்கு விழுந்தது. செம்பின் பெரும்பகுதி அந்தப் பாதியில்தான் இருந்தது. தென்பாதியில் செல்வந்தர்கள் தோண்டிய சுரங்கம் சில ஆண்டுகளிலேயே வற்றிப்போனது. பாகப்பிரிவினையில் நல்ல தோப்பு யாருக்கு விழுந்தது என்று மூன்று தலைமுறை பேசிக்கொண்டிருக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர்களின் நிறுவனம் நடத்திய அச்சுரங்கம் 1845 முதல் 1877 வரை ஏறத்தாழ 50,000 டன் செம்பைத் தந்து, கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த ஓர் இளம் காலனியைத் தூக்கி நிறுத்தியது. அதன் செயலாளராக இருந்த ஹென்றி ஏயர்ஸ் பின்னாளில் அந்தக் காலனியின் பிரதமரானார். பாலைவனத்தின் நடுவே நிற்கும் உலுரு என்ற செம்பாறைக்கு வெள்ளையர்கள் 1873-இல் ஏயர்ஸ் பாறை என்று வைத்தது அவருடைய பெயரைத்தான். எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்த செய்தியைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த எனக்கு, மண்ணுக்குள் கிடப்பது ஓர் ஊரின் தலையெழுத்தை மாற்றிவிடும் என்பது புதிதல்ல. ஆனால் முப்பத்திரண்டே ஆண்டுகளில் ஒரு பெருநகரம் எழுந்து அடங்கிவிட்டதன் தடத்தை நடந்தே பார்க்க முடிந்தது புதிது. 1851-இல் இங்கு ஏறத்தாழ 5,000 பேர் இருந்தார்கள். நிறுவனம் தன் ஊரான கூரிங்காவில் நிலத்தை விலைக்கு விற்க மறுத்து வாடகைக்கே விட்டதால், அதன் எல்லைக்கு வெளியே கார்ன்வால்காரர்களுக்கு ரெட்ருத், ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அபர்டீன், ஆங்கிலேயருக்கு ஹாம்ப்டன் என்று தனித்தனிக் குடியிருப்புகள் முளைத்தன. ஒரே ஊருக்குள் இனவாரியாகத் தெருக்கள் பிரிந்து கிடப்பது நமக்கு மட்டுமே உரிய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

இச்சேவையின் உச்சம் என்று நான் கருதுவது சிறைச்சாலையை அல்ல, ஓடைக்கரைக் குடைவீடுகளை. வாடகை கொடுக்க விரும்பாத அல்லது வீடே கிடைக்காத சுரங்கத் தொழிலாளர்கள் ஓடையின் மண்கரையைக் குடைந்து அறைகளாக்கிக் குடியிருந்தார்கள். 1851-இல் அவ்வாறு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 1,800 பேர். அதே ஆண்டு ஓடையில் அடுத்தடுத்து வந்த வெள்ளம் அவர்களை விரட்டியது. இன்று எஞ்சியிருப்பவை இரண்டுதான். உள்ளே நுழையும்போது தலையைத் தாழ்த்த வேண்டும். கரையை மேல்நோக்கித் துளைத்து விட்டிருக்கும் புகைபோக்கியின் வழியாக வானம் ஒரு தட்டளவு தெரிகிறது. சுவரைத் தடவிப் பார்த்த விரல் நுனியில் மண் ஒட்டிக்கொண்டது. என் மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, "இந்தப் பொந்துக்குள்ளயும் ஒருத்தி பிள்ளையப் பெத்து வளத்திருப்பா, இல்லியா?" என்றார். பக்கத்தில் விளக்கம் சொல்ல யாரும் இல்லாததும், பின்னால் அடுத்த கூட்டம் காத்திருக்காததும் அந்த நிமிடத்துக்கு உதவின. வழிகாட்டி ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

ரெட்ருத் சிறை 1856-இல் திறக்கப்பட்டது. அடிலெய்டுக்கு வெளியே அந்தக் காலனியில் கட்டப்பட்ட முதல் சிறை அது. 1894-இல் மூடப்பட்டு, 1897 முதல் 1922 வரை பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளியாக இருந்தது. அதன் பூட்டில் நான் தாக்கோலை இடப்பக்கமாகத் திருகிக்கொண்டே, பூட்டு துருவேறிவிட்டது என்று தீர்ப்பும் வழங்கிவிட்டேன். பேத்தி வாங்கி வலப்பக்கம் திருப்ப, அது உடனே திறந்துகொண்டது. முப்பது ஆண்டுப் பதிவறை அனுபவத்தைப் பற்றி அதன் பிறகு அன்று நான் பேசவில்லை.

மதுபான ஆலையின் நிலவறை குளிர்ச்சியாக இருக்கிறது, படிகளில் கவனம் தேவை, அவ்வளவே. சுரங்கப் பகுதியில் 1847-இல் கட்டிய வெடிமருந்துக் கிடங்கும், நீரிறைக்கும் இயந்திரத்துக்காக எழுப்பி 1986-இல் மீட்டமைத்த மோர்ஃபெட் இயந்திர வீடும் உள்ளன. 1971 முதல் 1981 வரை மீண்டும் திறந்தவெளியாகத் தோண்டிய பெரும்பள்ளத்தில் பச்சை நிறத் தண்ணீர் நிற்கிறது; என் பேத்திக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தொல்லிடங்களைப் பேணுவோர் உலகெங்கும் கையாளும் ‘பர்ரா சாசனம்’ 1979-இல் இந்த ஊரில்தான் ஏற்கப்பட்டது. எவ்வளவு தேவையோ அவ்வளவு செய்ய வேண்டும், ஆனால் இயன்றவரை குறைவாகவே மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். இடிந்த ஹாம்ப்டன் வீடுகளை இடிந்தபடியே விட்டுவைத்திருப்பதன் காரணம் அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அதற்கு முன், சுவரைக்கூட எடுத்துக் கட்டாமல் விட்டிருக்கிறார்களே என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஒரு பழைய கல்மண்டபத்தின் தூண்களுக்குத் திருவிழாவை முன்னிட்டு மஞ்சளும் சிவப்புமாக எனாமல் பெயின்ட் அடித்ததும், அதற்கான நன்கொடையில் என் ஐந்நூறு ரூபாயும் சேர்ந்திருந்ததும் அப்போது நினைவுக்கு வந்து உறுத்தின. பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைகளையும் சிதறால் குன்றின் சமணச் சிற்பங்களையும் வைத்திருக்கும் மாவட்டத்தில், இத்தகைய தாக்கோல் முறை ஓரிரு இடங்களிலாவது நடக்குமா என்று தக்கலையில் நண்பர்களிடம் கேட்டேன். முதல் நாளே பூட்டையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒருவர் சிரித்தார். எனக்கு அந்த அளவு அவநம்பிக்கை இல்லை, ஆனால் தாக்கோலை நோட்டில் எழுதித்தான் கொடுப்பேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 1870-இல் வந்த ரயில்பாதையில் இன்று பயணிகள் ரயில் ஓடுவதில்லை. சொந்தமாகவோ வாடகைக்கோ கார் இல்லாதவர்களுக்கு இந்தச் சேவை பயன்படாது. இடங்களுக்கு இடையே நிழல் குறைவு என்பதால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடையில் முதியவர்களை அழைத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழங்கால் வலி உள்ளவர்கள் நிலவறையைத் தவிர்த்துவிடலாம். நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் தன்னார்வலர்கள் நடத்தும் சிறு அருங்காட்சியகங்களுக்கு நேரம் தனி, எனவே அவற்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் நான் குறிப்பிடவில்லை. மதியத்துக்கு, கார்ன்வால் தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள் எடுத்துச் சென்ற ‘பேஸ்டி’ கிடைக்கும். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து ஓரத்தை மடித்துச் சுட்ட பலகாரம் அது. நாகர்கோவில் பேக்கரி பப்ஸின் மொறுமொறுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், ஆனால் ஒன்று தின்றால் சாயங்காலம் வரை பசிக்காது.

பிள்ளைகளைப் பார்க்க அடிலெய்டு செல்லும் நம் மாவட்டத்துப் பெற்றோருக்கு, நகரத்து வணிக வளாகங்களில் கழிக்கும் நாட்களில் ஒன்றை இதற்கு ஒதுக்குமாறு தயங்காமல் சொல்லுவேன். ஒரே நாளில் அனைத்தையும் திறந்து பார்த்துவிட முயன்றது எங்கள் தவறு. ஹாம்ப்டனை ஓட்டமாகத்தான் பார்த்தோம். ஓடைக்கரையிலிருந்து தொழிலாளர்களைக் குடியேற்ற நிறுவனம் 1849-க்கும் 1852-க்கும் இடையில் கட்டிய 33 வீடுகள் பாக்ஸ்டன் சதுக்கத்தில் இன்று தங்கும் விடுதியாக இருக்கின்றன. அடுத்த முறை அங்கே இரண்டு இரவு தங்க வேண்டும் என்று மனைவி மகனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். தாக்கோல் பேத்தியிடம்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் நிபந்தனை.