நாட்டுத் தலைவர்களின் பேச்சுவார்த்தையை ஒரே மூச்சில் முடிப்பதா, கலைந்து மறுபடி கூடுவதா?

1978ல் அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் நடந்த எகிப்து–இஸ்ரேல் பேச்சு முதல் வழி. 13 நாள், செய்தியாளர்கள் வேலிக்கு வெளியே. எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் நேரில் வாக்குவாதத்தில் மோதிக்கொண்டதும் அமெரிக்க அதிபர் கார்ட்டர் இருவரையும் பிரித்து உட்காரவைத்தார். அமெரிக்கத் தரப்பு ஒரே வரைவை வைத்துக்கொண்டு ஆட்சேபங்களைக் கேட்டுத் திருத்தியது. இருபதுக்கும் மேற்பட்ட முறை. 11ஆம் நாள் சதாத் கிளம்பிப்போகப் பெட்டியைக் கட்டிவிட்டார். கார்ட்டர் அவரது குடிலுக்கே போய்த் தடுத்தார். ஆனால் களைப்பில் உடன்பாட்டை முடித்தால் சொல் தளரும்: மேற்குக்கரையில் புதிய இஸ்ரேலியக் குடியேற்றங்களை எத்தனை காலம் நிறுத்துவது என்பதில் உடனே தகராறு வந்தது.

1986ல் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் நடத்திய அணு ஆயுதக் குறைப்புப் பேச்சு இரண்டாம் வழி. இரண்டே நாள். அமெரிக்கா தன் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை 'ஆய்வகத்துக்குள்' மட்டும்தான் சோதிக்கலாமா என்ற ஒரு சொல்லில் பேச்சு உடைந்தது. ரீகனின் இறுகிய முகத்தைப் பார்த்துப் பத்திரிகைகள் 'தோல்வி' என்றன. அவசரத் தீர்ப்பு அது. முதல் நாள் இரவு முழுக்க நிபுணர்கள் உட்கார்ந்து தொலைதூர ஆயுதங்களில் ஒவ்வொரு தரப்புக்கும் 6,000 அணுகுண்டு முனைகள், 1,600 ஏவுசாதனங்கள் என்ற உச்சவரம்புக்கு உடன்பட்டிருந்தனர். 1987 பிப்ரவரியில் கோர்பச்சேவ் நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளை மற்ற பிரச்சினைகளிலிருந்து தனியே பிரித்தார். டிசம்பர் 8ல் அவற்றை ஒழிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன.

தலைவர் எழுந்துபோனால் பேச்சே செத்துவிடும் என்ற நிலையில் முதல் வழி. எண்ணிச் சரிபார்க்கும் விஷயமென்றால், என் தேர்வு இரண்டாவது. ஆனால் கலையும்முன் ஒப்புக்கொண்டதை எழுதி வைத்திருக்க வேண்டும்.